ஆறு மாத உறுப்பினர்கள்

விமானப் பிரியர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு வாதம் நிச்சயம். சாட்டர் கொம்பனிகளை விழுங்கியது மலிவுக் கொம்பனிகளா? முழுச்சேவை என்று சொல்லிக்கொள்பவர்கள் இன்னும் முழுச்சேவைதான் தருகிறார்களா? முழங்காலுக்கும் முன்னிருக்கைக்கும் இடையில் எத்தனை அங்குலம் என்பதில் ஒரு மாலைப்பொழுதே கழிந்துவிடும். பழைய கால அட்டவணைகளைச் சேர்க்கிற பழக்கத்தால் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். ஆனால் இந்த வாதங்களில் அநேகமாக ஒன்று விடுபட்டுப்போகிறது. இந்த மூன்று வகைகளையும் பிரித்தவை விமானங்களோ தட்டில் வந்த சாப்பாடோ அல்ல. சட்டம்தான் பிரித்தது. யார் எந்தக் காரணத்துக்காக, என்ன விலையில் பறக்கலாம் என்று அரசாங்கங்கள் எழுதிவைத்த சட்டம்.

1945இல் ஹவானாவில் விமானக் கொம்பனிகள் கூடி ஐயாட்டா என்ற சங்கத்தை அமைத்தன. அடுத்த ஆண்டு பெர்முடாவில் பிரித்தானியாவும் அமெரிக்காவும் செய்த உடன்படிக்கை, அத்திலாந்திக் வழியின் கட்டணத்தை அந்தச் சங்கம் தீர்மானிக்கட்டும், இரு அரசுகளும் அதற்கு ஒப்புதல் தரும் என்று வகுத்தது. மற்ற நாடுகளும் இதையே பின்பற்றின. விளைவாக, எந்தக் கொம்பனியில் ஏறினாலும் ஒரே விலை. போட்டி போட எஞ்சியது சாப்பாடு ஒன்றுதான். அதற்கும் விதி இருந்தது: மலிவு வகுப்புக்குச் சாண்ட்விச் மட்டும். 1958இல் சில ஐரோப்பியக் கொம்பனிகள் இறைச்சியும் பாலாடைக்கட்டியும் அடுக்கி ஒரு முழுச் சாப்பாட்டையே சாண்ட்விச் என்ற பெயரில் பரிமாறுகின்றன என்று அமெரிக்கக் கொம்பனிகள் முறையிட்டன. சாண்ட்விச் என்றால் என்ன என்று வரையறுக்கச் சங்கம் கூடியது. சிரிப்பாக இருக்கிறது. ஆனால் விலையைப் பூட்டிவைத்தால் போட்டி பாண் துண்டுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

பூட்டில் ஓட்டைகளும் இருந்தன. ஐஸ்லாந்தின் லொஃப்ட்லெய்டிர் கொம்பனி சங்கத்தின் கட்டணத்துக்குக் கட்டுப்படவில்லை. மற்றவர்கள் ஜெட்டுக்கு மாறிய பிறகும் அது விசிறி பூட்டிய விமானங்களில் நியூயோர்க்கிலிருந்து ஐஸ்லாந்து வழியாக லக்சம்பேர்க் வரை ஆட்களைக் குறைந்த விலையில் ஏற்றிச் சென்றது. நேரம் அதிகம்தான். அறுபதுகளில் முதுகுப்பையோடு ஐரோப்பா பார்க்கப் புறப்பட்ட அமெரிக்க மாணவர்களுக்கு நேரம் ஒரு பொருட்டல்ல.

பெரிய ஓட்டை சாட்டர். அட்டவணைப்படி பறக்கும் விமானம் பாதி நிரம்பினாலும் புறப்பட்டாக வேண்டும். வெற்று இருக்கைகளின் செலவு நிரம்பிய இருக்கைகளின் தலையில் விழும். முழு விமானத்தையும் ஒருவர் வாடகைக்கு எடுத்து, கடைசி இருக்கை வரை நிரப்பினால் தலைக்கு ஆகும் செலவு சரிந்துவிடுகிறது. இந்தக் கணக்கு அன்றும் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அரசாங்கங்கள் சாட்டரை விலையால் கட்டாமல் ஆட்களால் கட்டின. 1950இல் விளாடிமிர் ரைட்ஸ் என்பவர் இலண்டனிலிருந்து கோர்சிகாத் தீவின் கல்விக்கு ஒரு டக்கோட்டா விமானத்தில் விடுமுறைப் பயணம் ஒழுங்குசெய்தார். பறப்பும் கடற்கரைக் கூடாரமும் சாப்பாடும் சேர்த்து 32 பவுண்ட் 10 ஷில்லிங். அனுமதி கிடைத்தது, ஆனால் ஆசிரியர்களையும் மாணவர்களையும் மட்டும் ஏற்றலாம் என்ற நிபந்தனையோடு. ஒரு கடைச் சிப்பந்தி அதே கூடாரத்தில் படுக்க ஆசைப்பட்டால் சட்டம் இடங்கொடுக்காது.

அத்திலாந்திக்கில் விதி இன்னும் விசித்திரமானது. ஒரு சங்கமோ கழகமோ தன் உறுப்பினர்களுக்காக விமானத்தை வாடகைக்கு எடுக்கலாம். ஆனால் அந்தக் கழகம் பயணத்துக்காகவே தோன்றியதாக இருக்கக்கூடாது. ஏறுகிறவர் குறைந்தது ஆறு மாதம் உறுப்பினராக இருந்திருக்க வேண்டும். விதி அறுபதுகளில் என்ன செய்திருக்கும் என்று ஊகிக்கக் கடினமில்லை. கழகங்கள் காளான்போல முளைத்தன. உறுப்பினர் அட்டைகளில் பழைய தேதி ஏறியது. கனடாவில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகும் கிழவி, தான் எந்தக் கழகத்து உறுப்பினர் என்பதை விமான நிலைய வரிசையில் நின்று மனப்பாடம் செய்ய வேண்டிய நிலை. அதிகாரிகள் வாசலில் நின்று விசாரித்தார்கள். பதில் தடுமாறியவர்கள் பின்தங்கினார்கள், விமானம் அவர்களை விட்டுவிட்டுப் பறந்தது. கள்ளத்தனம் பயணிகளுடையது என்று அன்றைய பேச்சு. விதியில்தான் கள்ளத்தனம் இருந்தது என்பது என் கட்சி. பொய் சொன்னால் மட்டும் மலிவாகப் பறக்கலாம் என்று எழுதிவைத்துவிட்டு, பொய் சொன்னவனைப் பிடிப்பது என்ன நியாயம்?

1973இல் அந்தக் கழக விதிக்குப் பதிலாக முன்பதிவுச் சாட்டர் வந்தது. பல வாரங்களுக்கு முன்பே பணம் கட்டினால் எவரும் போகலாம். அதற்குள் பிரெடி லேக்கர் இன்னொரு திட்டத்தோடு அதிகாரிகளின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். கன்ரர்பரியில் பிறந்தவர், பெர்லின் முற்றுகையின்போது 1948-49இல் சரக்கு விமானங்கள் ஓட்டிப் பணம் பார்த்தவர், 1966இல் தன் பெயரிலேயே சாட்டர் கொம்பனி தொடங்கியவர். கழகமும் வேண்டாம், முன்பதிவும் வேண்டாம், புகையிரதத்துக்குப் போல அன்றன்று வரிசையில் நின்று சீட்டு வாங்கட்டும் என்றார். பெயரும் அதற்கேற்ப ஸ்கைட்ரெயின். 1971இல் விண்ணப்பித்தார். மறுப்பு, பிறகு அனுமதி, பிறகு ஆட்சி மாற்றம். புதிய அமைச்சர் அனுமதியைத் திரும்பப் பெறப் பார்த்தார். வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. 1976 டிசம்பரில், நீதிபதி டெனிங் தலைமையிலான அமர்வு, சட்டம் கொடுத்ததை அமைச்சரின் வழிகாட்டல் குறிப்பு பறிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கை இன்றும் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். விமானத்துக்காக அல்ல, அமைச்சரின் அதிகார எல்லைக்காக.

1977 செப்டெம்பர் 26. கட்விக்கிலிருந்து நியூயோர்க்கிற்கு முதல் ஸ்கைட்ரெயின். ஒரு வழிக்கு 59 பவுண்ட். 345 இருக்கைகள் கொண்ட டிசி-10. சாப்பாடு வேண்டுமா, தனியாகப் பணம். விக்டோரியா நிலையத்துக்கு அருகே நடைபாதையில் படுத்து உறங்கிச் சீட்டு வாங்கினார்கள். அந்த வரிசையில் நின்றவர் எந்தக் கழகத்தின் பெயரையும் சொல்ல வேண்டியதில்லை. பெரிய கொம்பனிகள் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஸ்கைட்ரெயின் ஓடும் வழிகளில் தங்கள் சில இருக்கைகளை ஏறக்குறைய அதே விலைக்கு இறக்கின. 1978இல் அமெரிக்கா தன் உள்நாட்டு வானத்தின் கட்டுப்பாடுகளை நீக்கியது. ஒரே விலை என்ற சுவர் இடியத் தொடங்கிவிட்டது.

நம்மவர்களின் கதையும் இந்தச் சுவரை ஓரிடத்தில் தொடுகிறது. எண்பதுகளின் முற்பாதியில் இலங்கையிலிருந்து வெளியேறிய தமிழர்களில் பலர் சோவியத்தின் ஏரோஃபுளொட்டில் மொஸ்கோ வழியாகக் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட்டில் இறங்கினார்கள். கிழக்கு ஜேர்மனி வழிப்போக்கு அனுமதி கொடுத்தது. அங்கிருந்து நகர ரயிலில் மேற்கு பெர்லின். நகரைப் பிரித்த கோட்டை எல்லையாக ஏற்காத மேற்குத் தரப்பு அங்கே கடவுச்சீட்டுச் சோதனை வைக்கவில்லை. 1985இல் கிழக்கு ஜேர்மனி தமிழர்களுக்கு அந்த வழியை அடைத்தது. ஏரோஃபுளொட்டின் மலிவையும் பெர்லினின் விசித்திரத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்த முகவர்களை நாம் இன்று பல பெயர்களில் திட்டலாம். ஆறு மாத உறுப்பினர் அட்டைக்குத் தேதி எழுதியவர்களும் அதே கணக்கைப் பார்த்தவர்கள்தான். ஒரு வேறுபாடு உண்டு: அங்கே பிடிபட்டவர் வீட்டுக்குப் போனார்.

லேக்கரின் முடிவு சீக்கிரம் வந்தது. விமானங்களை டொலர்க் கடனில் வாங்கியிருந்தார். 1979இல் சிக்காகோ விபத்துக்குப் பின் டிசி-10கள் சில வாரம் தரையில் நின்றன. 1981இல் பவுண்ட் டொலருக்கு எதிராக விழுந்தது; வருமானத்தில் பெரும்பகுதி பவுண்டில், தவணையோ டொலரில். அந்த ஆண்டின் இறுதியில் பான் ஆம் கட்டணத்தை அவர் மட்டத்துக்கே வெட்டியது. 1982 பெப்ரவரி 5ஆம் தேதி கொம்பனி நின்றது. அப்போது வானில் இருந்த விமானங்கள் திரும்பி வந்தன. ஊர் ஊராகப் பயணிகள் கையில் செல்லாத சீட்டோடு நின்றார்கள். சாதாரண மக்கள் அவரைக் காப்பாற்றப் பணம் அனுப்பியதும் நடந்தது. ஒரு விமானக் கொம்பனிக்கு அது நடப்பது அபூர்வம். போட்டிக் கொம்பனிகள் கூடிச் சதி செய்தன என்று அமெரிக்க நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு 1985இல் சமரசத்தில் முடிந்தது. கடன்காரர்களுக்குப் பணம், லேக்கருக்கு 80 இலட்சம் டொலர். சதியா, தவறான கடனா என்று விமானப் பிரியர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். நான் கடன் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன்.

ஐரோப்பாவுக்குள் சுவர் விழ 1993 ஆனது. அதுவரை கிரேக்கத்துக்குச் சாட்டரில் போகிறவர் கையில் ஒரு தங்குமிடச் சீட்டு இருக்க வேண்டும். பலர் அந்தக் கட்டிலைக் கண்ணாலும் கண்டதில்லை. விதிக்காக மட்டும் இருந்த கட்டில் அது. அந்த ஆண்டு ஜனவரி முதல் ஐரோப்பியச் சமூகத்துக்குள் சாட்டர், அட்டவணைப் பறப்பு என்ற சட்டப் பிரிவே போய்விட்டது. 1995இல் ஈஸிஜெட் லூட்டனிலிருந்து ஸ்கொட்லாந்துக்கு 29 பவுண்டுக்குப் பறந்தது. 2017 ஜனவரியில், ஒருகாலத்தில் லேக்கரின் எதிரியாக இருந்த பிரிட்டிஷ் எயார்வேய்ஸ், குறுந்தூரப் பறப்பின் சாதாரண வகுப்பில் சாண்ட்விச்சுக்குக் காசு வாங்கத் தொடங்கியது.

கட்டிலும் பறப்பும் சேர்ந்த அந்தப் பழைய பொதியில் ஒரு நல்லதும் இருந்தது. 1974 ஓகஸ்டில் கோர்ட் லைன் என்ற விடுமுறைச் சாட்டர்க் கொம்பனி கோடையின் நடுவே கவிழ்ந்த பிறகு, பொதிப்பயணம் வாங்கியவர்களின் பணத்தைக் காக்கப் பிரித்தானியா ஒரு நிதியம் அமைத்தது. விக்டோரியாவில் வரிசையில் நின்றவருக்கு அந்தக் காப்பு இல்லை; இன்று கைபேசியில் சீட்டு மட்டும் வாங்குகிறவருக்கும் பொதுவாக இல்லை. 2017இல் மொனார்க் கொம்பனி விழுந்தபோது, காப்பு உள்ளவர், இல்லாதவர் என்று பார்க்காமல் ஏறக்குறைய 1,10,000 பேரை அரசாங்கம் வீடு கொண்டுவந்து சேர்த்தது. அதற்கு அது செய்தது: உலகெங்கும் தேடி, விமானங்களைச் சாட்டருக்கு எடுத்தது.