கிராஞ்சி ஈரநிலங்கள்

சிங்கப்பூரின் வடமேற்கில், ஜொகூர் நீரிணையை ஒட்டிய கிராஞ்சி வட்டாரத்தில் உள்ளவை. இவற்றில் முதன்மையானது சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகம். 1993 டிசம்பரில் இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்ட இது, 2002-இல் சட்டப் பாதுகாப்புப் பெற்றது; மறு ஆண்டு ஆசியான் மரபுடைமைப் பூங்கா ஆனது. உப்புநீர் முதலை, நீர்நாய், நீருடும்பு, சேற்றில் தத்தும் உளுவை ஆகியவற்றை இங்கே காணலாம். செப்டம்பர் முதல் மார்ச் வரை உப்புக்கொத்தி, பவளக்காலி, கோட்டான் முதலிய வலசைப் பறவைகள் வந்து தங்கும்.

இதை மனிதர் கைபடாத காடு என்று போற்றுவோர் உண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. இந்தக் குளங்கள் பழைய இறால் பண்ணைகள். கடல் ஏறும்போது மதகைத் திறந்து, நீரோடு வரும் இறால் குஞ்சுகளை உள்ளே விடுவார்கள். வற்றும்போது மதகு வாயில் வலை கட்டிப் பிடிப்பார்கள். இன்றும் காப்பகத்தைக் காப்பது அந்த மதகு முறைதான். பறவைகள் இரை தேடுவது அருகே நீர் வற்றிய மண்டாய் சேற்றுப்பரப்பில். கடல் ஏறியதும் அது மூழ்கிவிடும். அந்நேரம் அவை கால் ஊன்றி நிற்க, குளங்களில் நீரை வடித்துச் சேற்றை வெளியே காட்டி வைக்கிறார்கள். மதகை அதன் போக்கில் விட்டால் குளம் நிரம்பும், அல்லது கண்டல் மரங்கள் மூடிக்கொள்ளும்.

அப்படியானால் இது விலங்குக் காட்சிசாலைதானே என்று கேட்கலாம். இல்லை. இங்கே யாரும் இரை போடுவதில்லை, கூண்டும் இல்லை. சைபீரியத் தூந்திரத்திலிருந்து வரும் உப்புக்கொத்தியை எவரும் அழைத்து வருவதுமில்லை. ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டி 14,000 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்டது, சட்டப் பாதுகாப்புப் பெற்ற இந்தக் காப்பகத்தின் 130 ஹெக்டேர் எம்மாத்திரம் என்பது இன்னொரு மறுப்பு. யானைக்கு அந்தக் கணக்கு சரி. சைபீரியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே பறக்கும் பறவைக்கு வேண்டியது பரப்பைவிட, வழியில் அறுபடாத தங்குமிடங்கள்.

எளிதில் ஒதுக்க முடியாத மறுப்பு ஒன்று உண்டு: மனிதர் ஆக்கியதும் இயற்கையே என்றால், அழிப்பதற்கும் சாக்குக் கிடைத்துவிடாதா? 1970-களில் கிராஞ்சி ஆற்றை அணையால் அடைத்தபோது, உட்பகுதிக் கண்டல் காடுகள் கடல்நீரை இழந்தன. பின்னர் அங்கே உருவான நன்னீர்ச் சதுப்பில் தாழைக்கோழிகள் சேர்ந்தன. 2016-இல் அதன் ஒரு பகுதி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அது தற்செயலான பேறு, இழப்புக்கு ஈடன்று. மதகால் நீரை வடிக்கலாம், மண்டாய்ச் சேற்றை உண்டாக்க முடியாது. 2020-இல் அறிவித்த 400 ஹெக்டேருக்கு மேற்பட்ட பூங்காத் தொகுப்பில் அந்தச் சேற்றுப்பரப்பையும் சேர்த்தது அதனால்தான் பொருத்தமான முடிவு.