பதின்மூன்று வயது என்ற வேலி

பிள்ளைகள் இணையத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார்கள் என்று கவலைப்படாத வீடு இன்று அரிது. பள்ளியின் பெயர், பிறந்தநாள், சீருடையில் எடுத்த படம் என்று அவர்கள் வெளியிடுவதைப் பார்த்து, விவரம் தெரியாத வயது என்று பழியை அவர்கள் மேலேயே போடுகிறோம். ஆனால் இந்தப் பழக்கத்தின் தொடக்கத்தைத் தேடிப் போனால், சொன்னவர்களுக்கு முன்னால் கேட்டவர்கள் நிற்கிறார்கள். கேட்பவரைக் கட்டுப்படுத்த அமெரிக்காவில் பிறந்த சட்டம், நாளடைவில் பிள்ளையின் வயதைக் கேட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் சடங்காகச் சுருங்கியதே இன்றைய சிக்கலின் வேர்.

1990களின் நடுவில் சிறுவர்களுக்கான இணையதளங்கள் முளைத்தபோதே இது தொடங்கிவிட்டது. கிட்ஸ்காம் என்ற தளத்தில் தன்னைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பிள்ளைக்குப் பரிசாக மாற்றிக்கொள்ளும் புள்ளிகள் கிடைத்தன. 'சென்டர் ஃபார் மீடியா எஜுகேஷன்' என்ற அமைப்பு 1996இல் இதன்மேல் புகார் கொடுத்தது. 1998இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் சிறுவர்களுக்கான 212 தளங்களை ஆராய்ந்தபோது, அவற்றில் 89 விழுக்காடு சொந்த விவரங்களைத் திரட்டின. பெற்றோரிடம் கேட்டுவிட்டு வா என்று பிள்ளையிடம் சொன்னவை 23 விழுக்காடுதான். அதே ஆண்டு, பயனர்களின் இணையப் பக்கங்களுக்கு இடம் தந்த ஜியோசிட்டீஸ் நிறுவனம் ஆணையத்திடம் சிக்கியது. அதன் பதிவுப் படிவத்தில் பெயர், மின்னஞ்சல், அஞ்சல் குறியீடு, பாலினம், பிறந்த தேதி கட்டாயம். படிப்பு, வருமானம், தொழில் போன்றவை அவரவர் விருப்பம். விருப்பப்பட்டுத் தந்தவற்றை அனுமதியின்றி யாருக்கும் தரமாட்டோம் என்ற வாக்குறுதி மீறப்பட்டது, அதன் சிறுவர் மன்றத்தில் பிள்ளைகள் எழுதியதைத் திரட்டியது நிறுவனமல்ல, வெளியார் என்பவை குற்றச்சாட்டுகள். நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் சமரசம் செய்துகொண்டது.

இந்தச் சூடு தணியுமுன், 1998 அக்டோபரில் சிறுவர் இணையத் தனியுரிமைச் சட்டம் நிறைவேறியது. 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பதின்மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் விவரத்தைப் பெறப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்றது. தொடக்க வரைவில் பதினாறு வயது வரையுள்ளோருக்கும் ஓரளவு காப்பு இருந்தது. இறுதிச் சட்டத்தில் அது இல்லை. பொதுவான தளங்களைப் பொறுத்தவரை, பயனர் சிறுவர் என்று நிறுவனத்துக்கு உண்மையில் தெரிந்திருந்தால்தான் கடமை. ஆகவே தெரியாமல் இருப்பதே நிறுவனத்துக்கு ஆதாயமானது. பதின்மூன்று ஆகாதவருக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டு, பிறந்த ஆண்டைக் கேட்பதோடு பல தளங்கள் நின்றுகொண்டன. அந்தப் பட்டியலில் இரண்டு வரி கீழே தள்ளினால் கதவு திறந்தது. 2011இல் ஆய்வாளர் டானா பாய்டும் வேறு மூவரும் வெளியிட்ட ஆய்வில், பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் பெற்றோரில் 55 விழுக்காட்டினர் தம் பிள்ளைக்கு ஃபேஸ்புக் கணக்கு இருப்பதாகச் சொன்னார்கள். கணக்குத் தொடங்கக் கூட இருந்து உதவிய பெற்றோரும் ஏராளம். பதின்மூன்றைத் தாண்டியவருக்கோ அந்தச் சட்டத்தில் எந்தக் காப்பும் இல்லை.

வளரிளம் பருவத்தினர் தாமே விரும்பித்தான் பகிர்கிறார்கள் என்று சிலர் வாதிடுவார்கள். அது உண்மை, தோழமை தேடுவது அந்த வயதின் இயல்பு. வீட்டில் கேட்கக் கூசும் உடல்நலச் சந்தேகத்துக்கு விடை தேடும் பதினைந்து வயதுப் பெண்ணுக்குப் பெற்றோரின் கையொப்பமே தடையாகலாம் என்று அமெரிக்கச் சட்டம் வரைவாக இருந்தபோதே எச்சரித்தவர்களின் பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் தோழியிடம் பேச விரும்புவது வேறு, அந்தப் பேச்சை விளம்பரச் சரக்காக்க இசைவது வேறு. வயதை உயர்த்தினால் தீராதா என்றால், இந்தியாவின் 2023ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வரை பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது. பதின்மூன்றுக்கே பொய் சொல்லப் பழகியவர்கள் பதினெட்டுக்குத் தயங்கப் போவதில்லை.

இரண்டு சட்டங்களிலும் உயிர் உள்ள பகுதி வேறிடத்தில் இருக்கிறது. விளையாட்டுக்கோ பரிசுக்கோ தேவைக்கு மேல் விவரம் கேட்கக் கூடாது என்கிறது அமெரிக்கச் சட்டத்தின் ஒரு பிரிவு. பிள்ளைகளின் நடமாட்டத்தைக் கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது இந்தியச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு. இவை பிள்ளையின் எச்சரிக்கையையோ பெற்றோரின் கையொப்பத்தையோ நம்பி நிற்கவில்லை. கேட்பவரின் கையையே கட்டுகின்றன. விதிவிலக்குகளால் இந்தப் பிரிவுகளை நீர்த்துப்போகவிடாமல் காப்பதே, பிள்ளைகளுக்கு நாம் சொல்லும் எந்த அறிவுரையையும்விட அவசரமான வேலை.