நம்பிக்கை துறத்தல்: செங்கற்பட்டுச் சீமையின் கதை

கடவுள் நம்பிக்கையைக் கைவிட்டு நாத்திகராவது எந்த வயதிலும் நிகழலாம். தமிழ்நாட்டில் அது தத்துவ விசாரணையின் முடிவாக நேர்ந்தது குறைவு. கோயில், சத்திரம், சாதி, நிலம் என ஏதோ ஒன்றோடு மோதியவர்களே சாமி கும்பிடுவதையும் விட்டார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், காஞ்சிபுரம் அடங்கிய பழைய செங்கற்பட்டு மாவட்டம் இன்று கார், கைபேசி ஆலைகளின் வட்டாரமாகத்தான் அறியப்படுகிறது. ஆனால் தமிழ் நாத்திக வரலாற்றின் பல திருப்பங்கள் இந்த மண்ணையே சுற்றி நடந்தன.

பழங்காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல இயலாது. மணிமேகலையில், நிலம், நீர் முதலான பூதங்களின் சேர்க்கையே உயிர் என்னும் பூதவாதி ஒருவன் வந்து தன் கொள்கையைச் சொல்கிறான். நீலகேசியில் பூதவாதத்துக்குத் தனிச் சருக்கமே உண்டு. இரண்டும் அக்கொள்கையை மறுத்தவர்கள் எழுதிய நூல்கள். எதிராளியின் வாய்வழியாக மட்டுமே நமக்குக் கிடைத்த நாத்திகர் அவர்.

நவீன வரலாறு ஒரு நிலத்தகராறில் தொடங்குகிறது எனலாம். செங்கற்பட்டு மாவட்டத்தில் பரம்பரை நில உரிமை கொண்ட மிராசுதாரர்களுக்கும் அவ்வுரிமை இல்லாமல் பயிரிட்ட பாயக்காரிகளுக்கும் இடையிலிருந்த உரிமைச் சண்டையைப் பற்றி 1872இல் ஒரு நூல் எழுதினார் அத்திப்பாக்கம் வெங்கடாசல நாயகர். பத்து ஆண்டு கழித்து அவரே எழுதியது ‘இந்துமத ஆசார ஆபாச தரிசினி’. நிலத்தின் மேல் யாருக்கு என்ன உரிமை என்று கேட்டவர், அந்த உரிமைக்குக் காவலாக நின்ற சாத்திரத்தையும் கேள்வி கேட்டார். அக்காலத்தில்தான் சென்னையில் சுயசிந்தனையாளர் சங்கம் இயங்கியது. அதன் தமிழ் ஏடான ‘தத்துவ விவேசினி’ 1882 முதல் 1888 வரை வெளிவந்தது. இங்கிலாந்தில் சார்லஸ் பிராட்லாவும் அன்னி பெசன்டும் நடத்திய நாத்திகப் பிரசாரம் சங்கத்தாருக்குப் பெரிய ஊக்கம். வேடிக்கை என்னவென்றால், பாதிரியாரின் மனைவியாக இருந்து நம்பிக்கை இழந்து நாத்திகரான பெசன்ட், 1889இல் தம் 41ஆம் வயதில் பிரம்மஞானத்துக்குத் திரும்பினார். 1907இல் அவர் பிரம்மஞான சபைத் தலைவராக அமர்ந்த அடையாறு, அவருடைய பழைய எழுத்தை ஆர்வத்தோடு படித்தவர்களின் அதே சென்னையில்தான் இருக்கிறது.

இவ்வரலாற்றில் அதிகம் சொல்லப்படும் கதை பெரியாரின் காசிப் பயணம். வைணவப் பற்று மிக்க வணிகக் குடும்பத்தில் 1879இல் பிறந்த ராமசாமி, 1904இல் தந்தையோடு பிணக்குற்றுக் காசிக்குப் போகிறார். பார்ப்பனரல்லாதார் ஒருவர் கட்டிய சத்திரத்திலேயே பார்ப்பனருக்கு மட்டும்தான் சோறு. பசி தாங்காமல் எச்சில் இலையில் மிஞ்சியதை உண்கிறார். அன்றே நாத்திகர் ஆகிவிட்டார் என்று மேடைகளில் கதை முடியும். வாழ்க்கை அப்படி முடியவில்லை. ஊர் திரும்பியவர் ஈரோட்டுத் தேவஸ்தானக் கமிட்டியில் பொறுப்பேற்றுக் கோயில் நிர்வாகத்தைக் கவனித்தார். வீட்டுக்கு வந்த பண்டிதர்களைச் சிறுவயதிலேயே கேள்வி கேட்டு மடக்கியவர், கடவுளையே வேண்டாம் என்று ஒரு இயக்கம் நடத்தும் நிலைக்கு வர நாற்பதைத் தாண்ட வேண்டியிருந்தது. இடையில், கோயில் தெருவில் தீண்டாதார் நடக்கும் உரிமைக்கான வைக்கம் போராட்டம் (1924), பிறகு காஞ்சிபுரம்.

1925 நவம்பரில் திரு.வி.க. தலைமையில் காஞ்சிபுரத்தில் கூடிய காங்கிரஸ் மாகாண மாநாட்டில் வகுப்புவாரி உரிமைத் தீர்மானத்துக்கு இடம் கிடைக்கவில்லை. பெரியார் வெளியேறினார். அவருக்கு அப்போது 46 வயது. 1929 பிப்ரவரி 17, 18 நாள்களில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு செங்கற்பட்டில் நடந்தது. தலைமை வகித்தவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். பெயருக்குப் பின்னால் சாதிப்பட்டத்தை விடுவது, பெண்களுக்குச் சொத்துரிமை, வழிபாட்டில் இடைத்தரகர் கூடாது ஆகியவை அங்கே தீர்மானங்களாயின. காசியின் இலையை விட இந்த இரண்டு மாநாடுகளே தமிழ் நாத்திகத்தை உருவாக்கின என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

வயது முதிர்ந்து வந்தவர்களும் உண்டு. 1860இல் பிறந்த ம. சிங்காரவேலர் முதலில் பௌத்தத்தில் ஈடுபட்டார், பிறகு பொதுவுடைமைக்கு வந்தார். 1933 கடைசியில் சென்னையில் நடந்த நாத்திகர் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியபோது அவருக்கு வயது 73. அம்மாநாட்டில் தம்மை நாத்திகர் என்று கையெழுத்திட்டு அறிவித்த பாரதிதாசன், சில ஆண்டுகளுக்கு முன்புதான் மயிலம் முருகன் மேல் துதிப்பாடல் பாடியிருந்தார், அவருக்கு 42. இளமையின் பக்கம் பகத்சிங் இருக்கிறார்: 1930இல் லாகூர்ச் சிறையில், 23 வயதில், தாம் நாத்திகரான காரணத்தை எழுதினார். அதைத் தமிழாக்கியவர் அப்போது இருபதுகளில் இருந்த ப. ஜீவானந்தம். வெள்ளையர் அரசு அவரைக் கைது செய்தது.

திரும்பிப் போனவர்களை இயக்க வரலாறுகள் சுருக்கமாகவே சொல்கின்றன. கம்பனைக் குறை சொல்வதற்காகப் படித்து அவனிடமே மனதைப் பறிகொடுத்ததாகக் கண்ணதாசன் சொல்லியிருக்கிறார். ‘அர்த்தமுள்ள இந்துமதம்’ எழுதியவர் ஒருகாலத்தில் திராவிட இயக்க மேடைப் பேச்சாளர். காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணா, 1949இல் தி.மு.க.வைத் தொடங்கிய பின் திருமூலர் வாக்கை முன்வைத்து ஒரே தெய்வக் கொள்கைக்கு நகர்ந்தார். வாக்குக்காகச் செய்த சமரசம் என்பார்கள். இருக்கலாம். ஆனால் 1967இல் ஆட்சிக்கு வந்த அதே அண்ணாதான், புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டப்படி செல்லத்தக்கதாக்கினார். 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய ஒரு திருமணத்தை ஏற்க மறுத்திருந்தது. அண்ணாவின் சட்டம் வரும்வரை நாத்திகராய் வாழ்ந்த தம்பதியின் பிள்ளைகளுக்கு வாரிசுரிமையே கேள்விக்குறியாக இருந்தது.

நம்பிக்கையை இழக்காமலே நாத்திகரானவர்கள் இன்னொரு வகை. அவர்களிடம் இழக்க எதுவும் இருந்ததில்லை. கருஞ்சட்டை அணியும் திராவிடர் கழகக் குடும்பங்களில் பிறந்தவர்களும், சிறுபிள்ளையிலேயே இயக்கத்துக்குள் வந்தவர்களும் இதில் சேர்வர், கி. வீரமணி பத்து வயது வாக்கில் மேடையேறியவர். இவர்களுக்குச் சோதனை பெரும்பாலும் கல்யாணப் பேச்சில்தான் வரும். பெண் வீட்டார் ஜாதகம் கேட்பார்கள்.

இந்த வட்டாரத்து ஸ்ரீபெரும்புதூர், 1017இல் வைணவ ஆசாரியர் ராமானுஜர் பிறந்த ஊர். வாழ்நாளெல்லாம் நாத்திகராக இருந்த மு. கருணாநிதி, 2015இல் 91ஆம் வயதில் ராமானுஜர் பற்றிய தொலைக்காட்சித் தொடருக்கு வசனம் எழுதினார். பலர் வியந்தனர், சாதிக் கட்டை மீறியவரைப் பற்றித்தான் எழுதினேன் என்பது அவர் தரப்பு. பெரியாரின் கடைசிப் போராட்டமும் இதே போன்றதுதான்: கடவுளை மறுத்தவர், எல்லாச் சாதியாரும் கருவறைக்குள் சென்று பூசை செய்யும் உரிமைக்காக 1973இல் இறக்கும் வரை வாதாடினார்.

இதே வட்டாரத்தில் 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தியும் 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் உற்பத்தியும் தொடங்கியபின், தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் இளைஞர்கள் இங்கே வந்து தங்கினர். குலதெய்வம் சொந்த ஊரில், வேலை இங்கே, வாரம் மாறும் ஷிப்ட். கோயிலுக்குப் போகும் பழக்கம் விட்டுப்போக இது போதும். நம்பிக்கை விட்டுப்போக இது போதாது. ஆயுத பூசையன்று எந்திரங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துப் பொரி வழங்குவது ஆலைகளில் வழக்கமாகவே இருக்கிறது. செங்கொடிச் சங்கத்தில் இருப்பவரும் பொரியை வாங்கிக்கொள்வார். கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகன் கோயிலில் கூட்டம் குறைவதில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாத்திகர் என்று பதிவு செய்தவர்கள் இந்தியா முழுவதும் சுமார் 33,000 பேர், தமிழ்நாட்டில் சுமார் 1,300 பேர் மட்டும். கருஞ்சட்டைக் கூட்டம் ஒன்றிலேயே இதைவிட அதிகம் பேர் கூடுவார்கள். சட்டப்படி இந்துவாக இருப்பதும், சாதிச் சான்றிதழ் இல்லாமல் இடஒதுக்கீடு கிடைக்காததும் இந்த இடைவெளிக்குக் காரணங்கள். பள்ளிச் சேர்க்கையில் சாதி, மதப் பகுதியை வெற்றாக விடலாம் என்று தமிழ்நாடு அரசு 1973இலேயே ஆணையிட்டது. 2000இல் அதை மீண்டும் வலியுறுத்தியது. ஆனாலும் சாதியும் மதமும் அற்றவர் என்ற சான்றிதழை 2019 பிப்ரவரியில்தான் திருப்பத்தூரைச் சேர்ந்த ஒரு பெண் வழக்கறிஞர் பெற்றார். பெற்றோர் அவருக்குப் பிறப்பிலிருந்தே எந்த மதத்தையும் எழுதவில்லை. சான்றிதழ் கைக்கு வரப் பல ஆண்டுகள் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது.