புன்னக்காயல் மருத்துவமனையும் உண்ணாமை நோயும்

தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னக்காயலில், தமிழ் அச்சின் முன்னோடியான என்றீக்கே என்றீக்கஸ் அடிகளார் 1550 வாக்கில் மருத்துவமனை ஒன்றை நிறுவினார். தவக்காலத்தில் ஒருசந்தி இருப்பது, அதாவது நாளுக்கு ஒருவேளை மட்டும் வயிறார உண்பது, புண்ணியமாகப் போற்றப்பட்ட காலம் அது. பட்டினியால் மெலிந்தவரிடம் பக்தியைக் கண்டவர்கள் நோயைத் தேடாததில் வியப்பில்லை. உண்ணாமையை நோயாக அறிவதில் ஐரோப்பாவும் அப்போது முந்திவிடவில்லை. காசநோய்க்குரிய இருமலோ காய்ச்சலோ இன்றி உருகிப்போன இளம்பெண்ணை லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் மார்ட்டன் 1689இல்தான் விவரித்தார். பசியின்மை உளவழி நோயாகவும் வரலாம் என்பதை 1873இல் பாரிஸில் லாசேகும் லண்டனில் வில்லியம் கல்லும் நிலைநாட்டினர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் 2007இல் வெளியிட்ட ஆய்விலோ, உண்ணல் கோளாறு கொண்ட சிறாரிடம் உளவழி வாந்தியே மிகுந்திருந்தது. எனவே, உண்ணாமை நோயின் அடையாளமாகக் கொள்ளப்படும் பருத்துவிடும் அச்சத்தை மட்டும் விசாரிக்கும் மருத்துவர் இங்கே நோயைத் தவறவிடக்கூடும். கண்டறிந்த பின்னரும், நெடுநாள் பட்டினி கிடந்தவருக்கு உணவைத் திடீரெனக் கூட்டினால் இரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயம் தடுமாறும் என்பதால், சிறிதளவில் தொடங்கி, இரத்தப் பரிசோதனை செய்தபடியே அளவை உயர்த்துகிறார்கள்.