போலீஸ் கைத்துப்பாக்கி: துடைப்பது யார், பழுதுபார்ப்பது யார்?

சிலிபின் வட்டாரத்தில் விசாரித்துப் பார்த்தால், சீருடை போட்ட ஒருவரைப் பற்றிய பேச்சு எப்படியும் வந்துவிடும். தோட்டங்கள் கைமாறி, லயன் வீடுகள் காலியான பிறகு ஈப்போவுக்குக் குடிவந்தவர்களில் சிலர் போலீஸ் படையில் சேர்ந்தார்கள். வேறு சிலர் வங்கி வாசலிலும் தொழிற்சாலை வாசலிலும் ஜாகா வேலைக்கு நின்றார்கள். ஆயுதத்தோடு வேலைக்குப் போகும் அப்பாவை, மாமாவை வழியனுப்பிய குடும்பங்கள் நம்மிடையே உண்டு.

அந்த ஆயுதத்தைத் துடைப்பது யார், பழுதுபார்ப்பது யார் என்று நாம் அதிகம் கேட்பதில்லை. துப்பாக்கி தவறுதலாக வெடிக்கும் விபத்துகளில் ஒரு பகுதி, துடைப்பதற்காக அதைக் கழற்றும்போது நடப்பவை. போலீஸ்காரர்களுக்கான கைத்துப்பாக்கிப் பராமரிப்பு, பழுதுபார்ப்புப் பயிற்சி இதை மனத்தில் வைத்துத்தான் அமைக்கப்படுகிறது.

பேராக்கும் ஆயுதக் காவலும்

ஆயுதம் தாங்கிய காவலுக்குப் பேராக்கில் நீண்ட வரலாறு உண்டு. 1896-இல் அமைக்கப்பட்ட மலாய் மாநில கைட்ஸ் படை தைப்பிங்கைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. ரப்பர் தோட்டங்களிலும் ஈயச் சுரங்கங்களிலும் சிறப்புக் காவலர்கள் துப்பாக்கியுடன் நிறுத்தப்பட்டார்கள். இன்று போலீஸ் பொது நடவடிக்கைப் படையின் வட பிரிகேட், ஈப்போவை அடுத்த உலு கிந்தாவில் இருக்கிறது.

சுழல் துப்பாக்கி போய் பிஸ்டல் வந்தது

அரச மலேசியப் போலீஸ் படை நெடுங்காலம் பயன்படுத்தியது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ‘மாடல் 10’ சுழல் துப்பாக்கி. 1899-இல் அமெரிக்காவில் அறிமுகமான வகை அது. ஆறு தோட்டாக்கள் உருளையில் இருக்கும். உருளையைப் பக்கவாட்டில் தள்ளினால் தோட்டா இருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்கு நேராகத் தெரியும்.

பின்னர் ஜெர்மனியின் வால்தர் பி99 போன்ற 9 மில்லிமீட்டர் பிஸ்டல்கள் வந்தன. 1990-களின் பிற்பாதியில் வெளியான பி99-இன் கைப்பிடியும் சட்டகமும் பாலிமரால் ஆனவை. பிடியின் பின்பகுதியைக் கையின் அளவுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

பிஸ்டலில் தோட்டாக்கள் பிடிக்குள் செருகும் மெகசினில் இருக்கின்றன. ஒருமுறை சுட்டதும் மேல்பகுதியான ஸ்லைடு பின்னால் போய், காலி உறையை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவைக் குழலறைக்குள் ஏற்றிவிடும். ஆகவே மெகசினைக் கழற்றிய பிறகும் குழலறையில் ஒரு தோட்டா ஒளிந்திருக்கலாம். சுழல் துப்பாக்கிக்குப் பழகிய கைக்கு இது புதிய ஆபத்து.

முதல் பாடம்: காலி என்று நம்பாதே

பயிற்சியில் கருவிப் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே கற்றுத் தரப்படும் பாடம் ஒன்று உண்டு. முதலில் மெகசினைக் கழற்ற வேண்டும். அதன் பிறகு ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, குழலறையைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்க்க வேண்டும். இந்த வரிசை மாறக்கூடாது. மெகசின் உள்ளே இருக்கும்போதே ஸ்லைடை இழுத்து விட்டால், குழலறையில் இருந்தது வெளியே வரும். ஆனால் அடுத்தது உள்ளே ஏறிவிடும்.

துப்பாக்கி முனை பாதுகாப்பான திசையில் இருக்க வேண்டும். மணல் நிரப்பிய பீப்பாயை இதற்காகவே வைப்பதுண்டு. வேலை நடக்கும் மேசையில் உயிருள்ள தோட்டா ஒன்றுகூட இருக்கக்கூடாது. சோதித்துப் பார்க்க வெடிமருந்து இல்லாத போலித் தோட்டாக்கள் மட்டுமே பயன்படும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? ஆஸ்திரியாவின் க்ளாக் வகை பிஸ்டலைக் கழற்ற வேண்டுமானால், முதலில் விசையை ஒருமுறை இழுத்தாக வேண்டும். குழலறையில் மறந்துபோன தோட்டா இருந்தால் அது அப்போதே வெடிக்கும். பி99-இல் ஸ்லைடின் மேலுள்ள பொத்தானை அழுத்தியே சுடும் ஊசியின் இறுக்கத்தைத் தளர்த்தலாம்; விசையைத் தொட வேண்டியதில்லை. கருவிக்குக் கருவி முறை வேறு. ஒன்றில் கற்றதை இன்னொன்றில் அப்படியே செய்யக்கூடாது என்பதும் பாடத்தில் சேர்ந்ததே.

துடைப்பது எப்படி?

சுடும்போது வெடிமருந்தின் கரியும் ஈயத் துகளும் குழலுக்குள்ளும் ஸ்லைடிலும் படிகின்றன. கரைப்பான் நீர்மம், வெண்கலத் தூரிகை, துணித் துண்டு ஆகியவற்றைக் கொண்டு இவற்றை அகற்ற வேண்டும். ஈயம் உடம்புக்குக் கேடு. அதனால் துடைக்கும் அறையில் சாப்பிடக்கூடாது, புகைபிடிக்கக்கூடாது, முடிந்ததும் கையை நன்றாகக் கழுவ வேண்டும்.

நம் ஊரின் ஈரக் காற்றும் வியர்வையும் இரும்புக்கு எதிரிகள். மழையில் நனைந்த துப்பாக்கியைத் தோலுறையிலேயே விட்டுவைத்தால் துரு பிடிக்கும். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அதற்காக எண்ணெயை ஊற்றுவதும் தவறு. உரசும் இடங்களில் மெல்லிய பூச்சு போதும். அதிக எண்ணெய் தூசியையும் கரியையும் சேர்த்துச் சேறாக்கி, ஸ்லைடின் ஓட்டத்தைத் தடுக்கும். தோட்டாவின் அடிப்பகுதிக்குள் எண்ணெய் ஊடுருவினால், அது தேவையான நேரத்தில் வெடிக்காமல் போகலாம்.

பால் வெட்டுக்குப் போன நம் பாட்டிமார்களுக்கு இது புரியும். உளியைத் தீட்டாமல் போனால் பட்டை கிழிந்து மரம் காயப்படும். அளவுக்கு மீறித் தீட்டினால் உளி தேய்ந்துபோகும்.

பழுதுபார்ப்பவர் வேறு

இங்கே ஒரு கோடு கிழிக்கப்படுகிறது. துப்பாக்கியைச் சுமப்பவர் அதை மூன்று நான்கு பெரும் பாகங்களாகக் கழற்றித் துடைக்கலாம். அதற்கு மேல் தொடக்கூடாது. ஊசி, விசைத் தொகுதி, உறையை இழுக்கும் கொக்கி, சுருள்வில் ஆகியவற்றைக் கழற்றி மாற்றும் அதிகாரம், ஆர்மரர் எனப்படும் பயிற்சி பெற்ற ஆயுதப் பழுதுபார்ப்பாளருக்கே உண்டு. தயாரிப்பு நிறுவனங்களே இதற்கெனப் பயிற்சி நடத்துவதுண்டு. க்ளாக்கின் அடிப்படைப் பயிற்சி ஒரே நாளில் முடிந்துவிடும்.

பழுதுபார்ப்பாளர் மருத்துவரைப் போல அறிகுறியிலிருந்து காரணத்தைத் தேடுவார். காலி உறை வெளியேறாமல் சிக்கினால், கொக்கி தேய்ந்திருக்கலாம் அல்லது குழலறை அழுக்கேறியிருக்கலாம். தோட்டா சரியாக ஏறவில்லை என்றால், பெரும்பாலும் துப்பாக்கியை விட மெகசின் மீதே முதல் சந்தேகம் விழும். அதன் வில் தளர்ந்திருக்கலாம், உதடு வளைந்திருக்கலாம். ஸ்லைடு முழுவதும் மூடவில்லை என்றால், திரும்பும் வில்லைப் பார்க்க வேண்டும். எந்த வில்லும் நிரந்தரம் அல்ல. எத்தனை முறை சுடப்பட்டது என்ற கணக்கை வைத்து மாற்ற வேண்டும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, வலுவில்லாத தோட்டா குழலுக்குள்ளேயே நின்றுவிடுவது. வழக்கத்தை விடச் சத்தம் குறைவாகக் கேட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழலே வெடிக்கலாம்.

பதிவேடும் பராமரிப்புதான்

ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தொடர் எண் உண்டு. யார் எடுத்தார், எப்போது திருப்பினார், எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்பது பதிவாக வேண்டும். 2013-இல் வெளியான தேசியத் தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை, 2010 முதல் 2012 வரை போலீஸ் படை இழந்த உடைமைகளில் 44 துப்பாக்கிகளும் இருந்ததைக் குறிப்பிட்டு நாடெங்கும் விவாதத்தைக் கிளப்பியது. பதிவேட்டில் விடுபடும் ஒரு வரி எங்கே போய் முடியும் என்பதற்கு அது போதும்.

பொதுமக்கள் அறிய வேண்டியது

1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். 1971-ஆம் ஆண்டு சுடுகலன் (கூடுதல் தண்டனை) சட்டத்தின் 8-ஆவது பிரிவின் கீழ், சட்டவிரோதமாக வைத்திருப்பவருக்கு 14 ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் விதிக்கப்படலாம். “பட்டறை இருக்கிறது, கை வித்தை இருக்கிறது” என்று யாராவது கொண்டுவந்து கொடுத்தால் தொட வேண்டாம். பழுதுபார்ப்பதற்கும் உரிமம் வேண்டும்.

தாத்தாவின் பழைய வேட்டைத் துப்பாக்கி பரணில் கிடைத்தாலும் இதே விதிதான். அவர் பெற்ற உரிமம் பேரனுக்குத் தானாக வராது. அதைத் துடைக்கவோ கழற்றவோ, தூக்கிக்கொண்டு நிலையத்துக்கு நடக்கவோ வேண்டாம். இருந்த இடத்திலேயே விட்டு, பிள்ளைகளை விலக்கி, அருகிலுள்ள போலீஸ் நிலையத்தை அழையுங்கள்.

ஆயுதம் தாங்கிய ஜாகா வேலையில் இருப்பவர்களும் நிறுவனம் தந்த துப்பாக்கியைத் தாங்களாகக் கழற்றிப் பார்க்கக்கூடாது. பழுது தெரிந்தால் எழுத்து மூலம் மேலதிகாரியிடம் சொல்லுங்கள். பழுதான ஆயுதத்தோடு பணிக்கு நிற்க மறுப்பது ஒழுங்கீனம் ஆகாது.

இயந்திரத்தில் கை ஓடும் பிள்ளைகளுக்கு இது ஒரு வழியாகவும் இருக்கலாம். எஸ்.பி.எம். தேர்ச்சியோடு போலீஸ் படையில் கான்ஸ்டபிளாகச் சேர விண்ணப்பிக்கலாம். படையின் ஆயுதம், வாகனம், தகவல் தொடர்புக் கருவிகளைக் கவனிப்பதற்கென்றே தளவாட, தொழில்நுட்பத் துறை இருக்கிறது.

புறநானூற்றின் 95-ஆம் பாடலில், நெய் பூசி அழகாக அடுக்கி வைத்த தொண்டைமானின் படைக்கலங்களையும், போரில் முறிந்து கொல்லன் பட்டறையில் கிடந்த அதியமானின் படைக்கலங்களையும் ஔவையார் ஒப்பிட்டுக் காட்டினார். ஆயுதத்துக்கு நெய்யும் வேண்டும், கொல்லனும் வேண்டும் என்பது நமக்குப் புதிய செய்தி அல்ல. இன்றைய கொல்லன் முதலில் கற்பது, மேசையில் உள்ள துப்பாக்கி காலி என்று யார் சொன்னாலும் நம்பாமல் தானே பார்ப்பது.