மீக்கொங் ஆற்றுக் கூட்டுறவும் கீழ்வடிநிலக் கமத்தொழிலும்

இலங்கைத் தீவின் ஆறுகள் யாவும் இத்தீவிலேயே பிறந்து இத்தீவிலேயே கடலைச் சேர்வன. மகாவலி கங்கையை மறித்து அணை கட்டுவதாயினும், அருவியாற்று நீரை மன்னார்க் கட்டுக்கரைக் குளத்துக்குத் திருப்புவதாயினும், வேற்றரசு ஒன்றின் இசைவை வேண்டி நிற்கும் நிலை இந்நாட்டுக்கு என்றும் நேர்ந்ததில்லை. ஆசியாப் பெருநிலத்தின் பேராறுகளோ அத்தகையன அல்ல. ஒரு நாட்டின் பனிமலையில் தோன்றி, மற்றொரு நாட்டின் வயலை நனைத்து, வேறொரு நாட்டின் கழிமுகத்தில் அவை கடலொடு கலக்கின்றன. அவற்றின் நீரைப் பயன்கொள்ள முயன்ற அரசுகள் இரு வழிகளைக் கண்டன. ஒன்று பங்கீடு: 1960ஆம் ஆண்டின் சிந்துநதி உடன்படிக்கை, கிழக்கு ஆறுகள் மூன்றை இந்தியாவுக்கும் மேற்கு ஆறுகள் மூன்றைப் பாக்கித்தானுக்கும் வகுத்துக் கொடுத்தது. மற்றையது, ஆற்றைக் கூறுபோடாது ஒரே வடிநிலமாகக் கொண்டு பல அரசுகள் கூடி வளம்படுத்தும் வழி. ஆசியாவில் இவ்வழியை முதன்முதல் பெருமுயற்சியாக மேற்கொண்டவை மீக்கொங் ஆற்றின் கீழ்ப்புறத்து நாடுகளாகிய தாய்லாந்து, இலாவோசு, கம்போடியா, தென்வியத்நாம் என்னும் நான்குமாம்.

தீபெத்து மேட்டுநிலத்தில் தோன்றும் இவ்வாறு, சீனத்தின் யுன்னான் மாகாணத்தை ஊடறுத்து, பருமாவுக்கும் இலாவோசுக்கும், பின்னர்த் தாய்லாந்துக்கும் இலாவோசுக்கும் எல்லையாக ஓடி, கம்போடியச் சமவெளியிற் பரந்து, வியத்நாமின் தென்கோடியிற் கடலை அடைகின்றது. இதன் நீளம் 4,300 கிலோமீற்றருக்கு மேற்பட்டது. வடிநிலப் பரப்பு ஏறக்குறைய 795,000 சதுர கிலோமீற்றர். தாய் மொழியிலே ஆற்றைக் குறிக்கும் 'மே நாம்' என்னும் தொடர் 'தாய் நீர்' எனப் பொருள்படும். ஆற்றைத் தாயென்று போற்றும் மரபு நமக்குப் புதிதன்று.

இவ்வாற்றின் இயல்பை அறிந்தாலன்றிக் கூட்டுறவின் தேவையை அறிதல் இயலாது. தென்மேற் பருவப்பெயர்ச்சிக் காலத்தில் இதன் நீர்ப்பெருக்கு வறட்சிக் காலத்ததைப் போலப் பத்து மடங்குக்கும் மேலாகின்றது. கமக்காரனுக்கு வேண்டாத மாதத்தில் வெள்ளமும், வேண்டிய மாதத்தில் தட்டுப்பாடும் என்பதே நிலை. கழிமுகத்து வயல்களிலோ, பங்குனி, சித்திரை மாதங்களில் ஆறு வலிகுன்ற, கடல்நீர் உள்ளேறி மண்ணை உவராக்குகின்றது. யாழ்ப்பாணக் கடனீரேரிகளின் ஓரத்தே உவர் ஏறிய வயல்களைக் கண்டவர்க்கு இத்துன்பம் விளக்க வேண்டுவதன்று.

இவற்றினும் வியப்புக்குரியது கம்போடியாவின் தொன்லே சாப் என்னும் பேரேரி. வறட்சியிலே ஏறக்குறைய 2,500 சதுர கிலோமீற்றராகச் சுருங்கிக் கிடக்கும் இவ்வேரி, மீக்கொங்கு பெருகியதும், தன்னை அதனோடு இணைக்கும் ஆறு திசைமாறி ஏரியை நோக்கி ஓடுவதால், ஐந்து மடங்கும் அதற்கு மேலும் விரிகின்றது. மாரி தணிந்தபின் நீர் மீளத் திரும்பி மீக்கொங்குக்கு ஊட்டம் தருகின்றது. அந்த மீளோட்டத்தைக் கம்போடியர் கார்த்திகை மாத அளவில் நீர்விழாவாகக் கொண்டாடுகின்றனர். வெள்ளம் விட்டுச் செல்லும் வண்டலில் நெல்லும், வெள்ளம் புகுந்த காட்டில் மீனும் பெருகுகின்றன. அங்கோர் நகரத்து அரசர் தம் பெருமையை இவ்வேரிக்கரையிலே நிறுவியது தற்செயலன்று. பதினோராம் நூற்றாண்டில் அவர் அமைத்த மேற்கு வாவி எட்டுக் கிலோமீற்றர் நீளமுடையது. இன்றும் நீர் தாங்குவது. பராக்கிரம சமுத்திரத்தைக் கட்டியவரும் இவ்வாவியைக் கட்டியவரும் ஒரே கலையில் வல்லவர் எனலாம். அந்நாட்டின் தொல்கல்வெட்டுகள் பல்லவர் காலத் தென்னிந்திய எழுத்தின் வழிவந்த வரிவடிவில் அமைந்துள்ளமையும் ஈண்டு நினைக்கத்தக்கது.

பிரான்சியர் இந்தோசீனத்தை ஆண்ட காலத்தில் மீக்கொங்கைக் கமத்தொழிலின் கண்கொண்டு நோக்கினாரல்லர். சீனத்துக்குச் செல்லும் வாணிக வழி ஒன்றே அவர் தேடியது. 1866ஆம் ஆண்டு தூதார் தெ லகிரே, பிரான்சிசு கார்னியே என்போர் தலைமையிற் புறப்பட்ட ஆராய்ச்சிக் குழு, கோன் நீர்வீழ்ச்சியைக் கண்டதும் அவ்வெண்ணம் நிறைவேறாதென உணர்ந்தது. லகிரே 1868ஆம் ஆண்டு யுன்னானிலேயே உயிர்நீத்தார். கழிமுகத்திலே கால்வாய்கள் வெட்டி நெல்லேற்றுமதியைப் பெருக்கினமை உண்மையே. ஆயின் ஆற்றை முழுமையாகக் கருதும் நோக்கு அவ்வாட்சியில் எழவில்லை.

அந்நோக்கு ஐக்கிய நாடுகள் தாபனத்தின் ஆசிய, தூரகிழக்குப் பொருளாதார ஆணைக்குழுவிலே முளைத்தது. 1947இல் நிறுவப்பட்ட இவ்வாணைக்குழு, ஈராண்டின் பின் பாங்கொக் நகரைத் தன் இருப்பிடமாக்கியது. அதன் வெள்ளத்தடுப்புப் பிரிவு 1952இல் மீக்கொங்கு பற்றிய முதல் அறிக்கையை வெளியிட்டது. அப்போது இந்தோசீனத்திற் போர் நடந்துகொண்டிருந்தமையால் அறிக்கை ஏட்டளவில் நின்றது. 1954ஆம் ஆண்டு செனீவா உடன்படிக்கைகளின் பின்னரே நாடுகள் நான்கும் ஒருங்கிருந்து பேசும் வாய்ப்புக் கிடைத்தது. 1957ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்தில் கீழ்மீக்கொங்கு ஆராய்ச்சி இணைப்புக் குழுவின் அமைப்புவிதிகள் ஏற்றுக்கொள்ளப்பட்டன. குழுவின் பெயரில் 'ஆராய்ச்சி' என்ற சொல் இடம்பெற்றமை கருதத்தக்கது. அரசுகள் தம் இறைமையிற் சிறிதும் விட்டுக்கொடுக்க விரும்பவில்லை. அளந்தறிவதற்கு மட்டுமே உடன்பட்டன. நால்வரும் கூடியிருந்து ஒருமனப்பட்டாலன்றித் தீர்மானம் இல்லை என்பது விதி.

சூயசுக் கால்வாயில் மூழ்கிக் கிடந்த கப்பல்களை 1957இல் அகற்றிய பணிக்குத் தலைமை தாங்கிய தளபதி வீலர் என்பவரே, அவ்வாண்டின் இறுதியில் மீக்கொங்கை ஆராயவந்த குழுவுக்கும் தலைவராயினார். அணை எதனையும் உடனே கட்டுமாறு அவர் கூறவில்லை. மழை எவ்வளவு, நீர் எவ்வளவு, நிலமட்டம் யாது, மண் எத்தகையது என்பவற்றை முதலில் அறிதல் வேண்டும் என்றும், அதற்கு ஐந்தாண்டுகளும் 92 இலட்சம் டொலரும் தேவை என்றும் அவர் குழு உரைத்தது. இப்பணியிற் பல நாடுகள் பங்குகொண்டன. கனடா கொழும்புத் திட்டத்தின்கீழ் வானிலிருந்து படம்பிடித்து நிலப்படம் வரைந்தது. அத்திட்டத்தின் வித்து 1950ஆம் ஆண்டு தை மாதத்தில் கொழும்பிற் கூடிய பொதுநலநாட்டு வெளிநாட்டமைச்சர் மகாநாட்டிலே இடப்பட்டதாகும். யப்பான் கிளையாறுகளைப் பார்வையிட்டது. அவுத்திரேலியா அணைக்குரிய இடங்களின் பாறைகளைத் துளையிட்டுச் சோதித்தது. தொன்லே சாப் ஏரியின் வாயிலில் மதகுடன் கூடிய தடுப்பணை அமைக்கும் திட்டத்தை இந்தியப் பொறியியலாளர் ஆராய்ந்தனர்.

இத்திட்டத்தை எண்ணிப் பார்த்தல் தகும். தடுப்பணை எழுவது கம்போடிய மண்ணில். மாரி வெள்ளத்தை ஏரியிலே தேக்கி வறட்சியிற் சிறிது சிறிதாக விடுவதனால், உவர்நீர் பின்வாங்கிச் சிறுபோகம் செழிப்பது வியத்நாமின் கழிமுகத்தில். ஒரு நாடு நிலத்தைக் கொடுக்க மற்றொரு நாடு நெல்லைப் பெறும் இத்தகைய ஏற்பாடு, அயலவர் ஒருவரையொருவர் நம்பினாலன்றி நடைபெறாது. அந்நம்பிக்கையோ அக்காலத்தில் அருகியே இருந்தது. 1961இல் கம்போடியா தாய்லாந்துடன் அரசுறவை முறித்தது. அடுத்த ஆண்டிற் பிரேயா விகார் கோயில் கம்போடியாவுக்கே உரியதென அனைத்துலக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1963இல் தென்வியத்நாமுடனும் உறவு முறிந்தது. தூதுவர் ஒருவரையொருவர் காணாத அவ்வாண்டுகளிலும் நாற்புறத்துப் பிரதிநிதிகளும் மீக்கொங்குக் குழுவிலே ஒரே மேசையில் அமர்ந்து நீர்மட்டக் கணக்கைப் பரிசீலித்தனர். 1966இல் குழுவுக்கு மக்சேசே விருது வழங்கப்பட்டமை இதன்பொருட்டே எனலாம். எனினும் தடுப்பணை எழவில்லை. பொறியியலாளர் கூடியமர்தல் வேறு, அரசர் கூடியமர்தல் வேறு.

குழு மறந்தது ஒன்று உண்டு; அது கமக்காரன். 1962ஆம் ஆண்டு, போட்டு நிதியத்தின் ஆதரவிற் கில்பேட்டு உவைட்டு என்னும் புவியியலறிஞர் தலைமையில் வந்த அறிஞர் குழு இதனைச் சுட்டிக்காட்டியது. நீர் வந்தபின் எப்பயிரை யார் செய்வர், விளைவை எங்கு விற்பர், குடிபெயர்வோர் எங்கே செல்வர் என்னும் வினாக்களுக்கு விடை காணாமல் அணை கட்டுதல் ஆகாது என்பது அவர் கருத்து. பின்னிகழ்ச்சிகள் அக்கருத்தை மெய்ப்பித்தன. தாய்லாந்தின் வடகீழ்ப்பாகத்து மணற்பாங்கான கொராட்டு மேட்டுநிலத்தில் நாம்பொங் அணை 1966இலும் லாம்பாவோ அணை 1968இலும் முடிவுற்றன. ஆயினும் பெருங்கால்வாயிலிருந்து வயலுக்குச் செல்லும் சிறு வாய்க்கால்கள் பல இடங்களில் இல்லை. மாரிநெல் ஒன்றையே நம்பி வாழ்ந்து, கோடையில் மாட்டை வயலில் மேயவிட்டு வந்த குடிகள் இரண்டாம் போகத்தை விரைந்து மேற்கொள்ளவுமில்லை. பயிரின் செய்கையைக் கற்பிக்க இலாவோசில் அட்டொக்கேயோ முதலாய இடங்களில் மாதிரிப் பண்ணைகள் அமைக்கப்பட்டன. அணைக்குச் செலவிட்டதனோடு ஒப்பிட இவை சிறு முயற்சிகளே.

1965ஆம் ஆண்டு சித்திரையில் அமெரிக்க சனாதிபதி யோன்சன், தென்கிழக்காசிய அபிவிருத்திக்கு நூறு கோடி டொலர் வழங்க முன்வந்து, மீக்கொங்கை எடுத்துக்காட்டாகக் கூறினார். அதே ஆண்டில் அவருடைய படைகள் வியத்நாமிலே பெருந்தொகையாக இறங்கின. ஒரு கையால் வயலுக்கு நீரும் மறு கையால் அதே வயலுக்கு நெருப்பும் தருவோரின் நட்பை அந்நிலத்தார் எவ்வாறு மதித்திருப்பர் என்பதை ஊகித்தல் அரிதன்று.

போரினிடையே எழுந்த கூட்டுறவுப் பணி, இலாவோசின் நாம்கும் அணையாகும். பத்து நாடுகளின் பொருளுதவியோடு 1971இல் அதன் முதற்கட்டம் முப்பதாயிரம் கிலோவாற்று ஆற்றலுடன் நிறைவெய்தியது. அதன் மின்சாரம் மீக்கொங்கைக் கடந்து தாய்லாந்துக்குச் சென்றது. 1975இல் இலாவோசில் ஆட்சி மாறி, இரு கரைகளும் பகைக்கரைகளான பின்னரும் அவ்விற்பனை நின்றதில்லை. மறுபுறம், வியந்தியானுக்கு மேலே ஆற்றையே மறித்துக் கட்ட எண்ணிய பாமொங் என்னும் பேரணை, இரண்டரை இலட்சம் மக்களைக் குடிபெயர்க்கும் எனக் கணிக்கப்பட்டது, அது கட்டப்படவில்லை. இக்கைவிடலைக் குழுவின் தோல்வியாக எழுதுவோர் உளர். அக்குடிகளின் நிலையிலிருந்து நோக்குவார்க்கு அது நற்பேறாகவே தோன்றும்.

1975இன் பின் கம்போடியா குழுவிலிருந்து விலகியது. எஞ்சிய மூன்று நாடுகளும் 1978இல் இடைக்காலக் குழுவொன்றை நிறுவிக்கொண்டன. 1991இல் கம்போடியா மீளச் சேர விழைந்தபோது, பழைய ஒருமன விதியைத் தாய்லாந்து ஏற்க மறுத்தது. மேலிருப்போன் கட்டுவதைக் கீழிருப்போன் தடுக்கும் உரிமை வேண்டுமா என்பதே வழக்கு. 1995ஆம் ஆண்டு சித்திரை 5ஆம் நாள் சியாங்ராய் நகரிற் கைச்சாத்திடப்பட்ட உடன்படிக்கையில் அத்தடையுரிமை இடம்பெறவில்லை. முன்னறிவித்தலும் கலந்தாலோசித்தலும் அதன் இடத்தைப் பெற்றன. இவ்வழியின் வலுக்குறைவு விரைவில் வெளிப்பட்டது. இலாவோசின் சயாபுரி அணையைப் பற்றி வியத்நாமும் கம்போடியாவும் எழுப்பிய மறுப்புகளின் பின்னரும் கட்டடவேலை 2012இல் முறையாகத் தொடங்கி, 2019இல் அணை இயங்கலாயிற்று. ஆற்றின் மேற்பாகத்தை உடைய சீனமோ உடன்படிக்கையிற் சேரவேயில்லை. அந்நாடு யுன்னானில் மன்வான் தொடங்கி அணைகள் பலவற்றை நிரையாகக் கட்டியது. 2002 முதல் மாரிக்கால நீர்மட்டக் கணக்கையும், 2020 முதல் ஆண்டு முழுவதற்குமான கணக்கையும் தர அது இசைந்தது.

எனினும் அவ்வுடன்படிக்கையின் ஆறாம் உறுப்புரையில் அரியதோர் ஏற்பாடு உண்டு. மாரிக்காலத்தில் தொன்லே சாப் ஆறு இயற்கையாகத் திசைமாறி ஓடுதற்குப் போதிய நீர் காக்கப்படல் வேண்டும் என நாடுகள் நான்கும் அதிலே உடன்பட்டன. கம்போடியக் கமக்காரனும் மீனவனும் தலைமுறை தலைமுறையாக எதிர்பார்த்திருந்த ஆற்றின் திருப்பம் அரசுகளின் சட்டமாயிற்று. 2019, 2020ஆம் ஆண்டுகளில் அத்திருப்பம் வழமையினும் மிகப் பிந்தியது. ஏரியும் உரிய அளவு விரியவில்லை. மழை பொய்த்தமையே காரணம் என்றனர் ஒருசாரார். மேலணைகள் நீரைத் தேக்கியமையே காரணம் என்றனர் மற்றொரு சாரார். இரு திறத்தாரும் தம் கூற்றுக்குச் சான்றாக எடுத்துக்காட்டியவை, ஆற்றங்கரை நிலையங்களில் நாள்தோறும் குறிக்கப்பட்டுவந்த நீர்மட்டக் கணக்குகளே.