ஓவியத்தைப் பார்த்துக் கட்டிய நகரம்

பெர்லினில் படித்த இரண்டு ஆண்டுகளில் என் வார இறுதிகளைத் தீர்மானித்தது ஒரு ரயில் சீட்டு. ஜெர்மன் ரயில்வே 1995இல் தொடங்கி 2019இல் நிறுத்திவிட்ட 'அழகிய வார இறுதி'ச் சீட்டு அது. ஒரே சீட்டில் ஐந்து பேர் வரை ஒரு நாள் முழுவதும் உள்ளூர் வண்டிகளில் நாட்டின் எந்த மூலைக்கும் போய்வரலாம். விரைவு வண்டியில் மட்டும் ஏறக் கூடாது. மாணவர்களிடம் காசுக்குத்தான் பஞ்சம், பொழுதுக்கு இல்லை. விடுதியில் ஐந்து பேரைத் திரட்டிவிட்டால் போதும், ரொட்டிப் பொட்டலங்களோடு சனிக்கிழமை விடியலில் கிளம்பிவிடுவோம்.

வழிகாட்டி நூல்கள் ஒவ்வோர் ஊரிலும் 'பழைய நகரம்' என்று ஒரு பகுதியைக் குறித்துக் காட்டும். மத்திய ஐரோப்பாவில் அந்தச் சொல்லைச் சற்று எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். அங்குள்ள பழைய நகரங்கள் பலவும் நம் பெற்றோரைவிட வயதில் இளையவை.

ட்ரெஸ்டன் நகரின் ஃப்ராவென்கிர்ஹே தேவாலயம் இதை ஒளிக்காமல் சொல்லும் கட்டடம். கியோர்க் பேர் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1726 முதல் 1743 வரை எழுப்பிய கல் குவிமாடம் அது. 1945 பிப்ரவரி 13, 14 தேதிகளில் நிகழ்ந்த குண்டுவீச்சில் ஏறத்தாழ 25,000 பேர் மாண்டனர். (நாஜிப் பிரச்சாரம் இதைப் பல மடங்கு ஊதிப் பெருக்கியது, இன்றும் சிலர் அந்தப் பெரிய எண்ணையே சொல்லித் திரிகிறார்கள்.) தேவாலயம் இரண்டு நாள் தாக்குப்பிடித்துவிட்டு, உள்ளே எரிந்த வெம்மையில் தூண்கள் பலமிழந்து 15ஆம் தேதி காலை சரிந்தது. கிழக்கு ஜெர்மனியின் ஆட்சியில் அந்தக் கற்குவியல் நாற்பதாண்டுகளுக்கு மேல் அப்படியே கிடந்தது. 1982 பிப்ரவரி 13 அன்று இளைஞர்கள் அதன் முன் மெழுகுவர்த்தி ஏந்தி அமைதிக்காக நின்றது, அந்த நாட்டில் அரசின் அனுமதியைக் கேளாமல் நடந்த அரிய கூடுகைகளில் ஒன்று.

ஜெர்மனி ஒன்றிணைந்த பிறகு மீட்டுக் கட்டத் தொடங்கினார்கள். 2005 அக்டோபர் 30 அன்று தேவாலயம் திறக்கப்பட்டது. குவியலிலிருந்து எடுத்த பழைய கற்களைக் கூடியவரை அவை இருந்த இடத்திலேயே பதித்திருக்கிறார்கள். வெளிர்மஞ்சள் சுவரில் ஆங்காங்கே கருத்த கற்கள் அம்மைத் தழும்பு போலத் தெரிகின்றன. கருமை தீயின் கரி அல்ல. எல்பே நதிக்கரை மணற்கல்லில் இரும்பு உண்டு, காற்று படப்பட அது கறுத்துவிடும். ஆகவே புதிய கற்களும் ஒரு நாள் கறுக்கும். அப்போது எது பழையது எது புதியது என்று யாருக்கும் தெரியாது. உச்சியிலுள்ள பொற்சிலுவையைச் செய்த பிரித்தானியப் பொற்கொல்லர் ஆலன் ஸ்மித்தின் தந்தை, அந்தக் குண்டுவீச்சில் கலந்துகொண்ட விமானிகளில் ஒருவர்.

ட்ரெஸ்டனின் ஓவியக்கூடத்தில்தான் பெர்னார்தோ பெல்லொத்தோவின் ஓவியங்களை முதலில் பார்த்தேன். வெனிஸ் ஓவியர் கனலெத்தோவின் மருமகன் இவர். மாமனின் பெயரையே தானும் சூட்டிக்கொண்டவர். நகரக் காட்சிகளைச் சன்னல் சட்டம் வரை பிசகாமல் தீட்டுவது இவருடைய தொழில். 1747இல் ட்ரெஸ்டன் அரசவைக்கு வந்தார். 1760இல் பிரஷ்யப் படை ஊரைப் பீரங்கியால் தாக்கியபோது அவர் வீடும் அழிந்தது. பின்னர் இடிந்த க்ராய்ட்ஸ்கிர்ஹே தேவாலயத்தை அதே பொறுமையோடு, செங்கல் செங்கலாகத் தீட்டினார். அந்த ஓவியத்தை 1945இன் புகைப்படம் ஒன்றின் அருகில் வைத்துப் பார்த்தால் இடையே நூற்றெண்பது ஆண்டுகள் கடந்திருப்பது புலப்படுவதில்லை. 1767இல் பீட்டர்ஸ்பர்க் போகப் புறப்பட்டவர் வழியில் வார்சாவில் தங்கினார். மன்னர் ஸ்தானிஸ்வாஃப் அவரை விடவில்லை. 1780இல் இறக்கும்வரை அங்கேயே இருந்து அந்நகரின் தெருக்களைத் தீட்டினார்.

ஓவியரின் பாதையிலேயே நாங்களும் வார்சாவுக்குப் போனோம். வார இறுதிச் சீட்டு அங்கே செல்லாது. தனிச் சீட்டு எடுத்து, ஆறு மணி நேரப் பயணம்.

1944 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கிய வார்சாக் கிளர்ச்சி அறுபத்து மூன்று நாள் நீடித்து அடங்கியது. அதன்பின் நடந்ததைப் போரின் அழிவு என்று சொல்லக் கூடாது. மக்களை வெளியேற்றிய நகரில், எதிர்க்க எவருமில்லாத நிலையில், ஜெர்மன் தகர்ப்புப் படைகள் தெருத்தெருவாகச் சென்று வெடிவைத்தன. அரண்மனைச் சுவர்களில் ஏற்கெனவே வெடிக்காகத் துளைத்து வைத்திருந்த குழிகள் அப்போது பயன்பட்டன. பழைய நகரம் ஏறக்குறைய முழுவதும் மண்ணானது.

1945 பிப்ரவரியில் தலைநகர மீட்புக்கான அலுவலகம் அமைந்தது. யான் ஸஹ்வதோவிச் என்ற கட்டடக் கலை வல்லுநர் அதன் வரலாற்றுப் பிரிவை வழிநடத்தினார். வார்சாத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக் கட்டடக் கலைத் துறையின் அளவு வரைபடங்கள், பியோத்ர்கூஃப் நகரத்து மடம் ஒன்றின் சவப்பெட்டிகளுக்குள் பதுங்கிப் பிழைத்திருந்தன. கூடவே பெல்லொத்தோவின் ஓவியங்கள். இவற்றைக் கொண்டு 1953க்குள் சந்தைச் சதுக்கத்தை எழுப்பிவிட்டார்கள். அரண்மனை 1984 வரை காத்திருந்தது. 1980இல் யுனெஸ்கோ பழைய நகரத்தை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. ஏற்றது அதன் பழமைக்காக அல்ல, மீட்டுக் கட்டிய செயலுக்காக.

தொல்பொருள் தூய்மைவாதிகள் இதைப் போலி என்பார்கள். எனக்கு அப்படிப்படவில்லை. ஒரு நகரம் இருந்த தடமே இருக்கக் கூடாது என்று ஆணையிடப்பட்ட இடத்தில், அதே தெரு வளைவில் அதே அகலத்தில் கதவு வைப்பது ஒரு பதிலடி. ஆனால் ஓவியம் தேர்ந்தெடுக்கும். பெல்லொத்தோ பல இடங்களில் கட்டடங்களைச் சற்று அழகுபடுத்தியே தீட்டினார். அவற்றை நம்பிக் கட்டியவர்கள் பதினெட்டாம் நூற்றாண்டைத் திருப்பி எழுப்பினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு பெருமளவுக்கு உதிர்ந்துபோயிற்று.

செங்கல் எங்கிருந்து வந்தது என்பது இன்னொரு கதை. 1945 வரை ப்ரெஸ்லாவ் என்ற ஜெர்மன் நகரமாக இருந்த வ்ரோத்ஸ்வாஃபுக்கு ஒரு போலந்து வகுப்புத் தோழியின் அழைப்பில் போயிருந்தேன். பெர்லின் சரணடைந்து நான்கு நாள் கழித்து, மே 6 அன்றுதான் அந்நகரம் சரணடைந்தது. எல்லை மாறியதும் ஜெர்மானியர் வெளியேற்றப்பட்டார்கள். போலந்து இழந்த கிழக்குப் பகுதிகளிலிருந்து, குறிப்பாக லிவீவ் நகரிலிருந்து, வந்தவர்கள் அந்த வீடுகளில் குடியேறினார்கள். சதுக்கத்தில் பிரஷ்ய மன்னர் சிலை இருந்த இடத்தில், லிவீவிலிருந்து வந்த நாடகாசிரியர் ஃப்ரெத்ரோவின் சிலை 1956இல் அமர்ந்தது. தலைநகரைக் கட்ட வேண்டும் என்று இங்கிருந்து வண்டி வண்டியாகச் செங்கல் போயிற்று. இடிபாடு மட்டுமல்ல, சரிசெய்திருக்கக்கூடிய வீடுகளையும் பிரித்து அனுப்பினார்கள். தோழியின் பாட்டி லிவீவில் பிறந்தவர். அவர் வீட்டுச் சமையலறையில் சர்க்கரை, உப்பு என்று ஜெர்மன் மொழியில் எழுதிய பீங்கான் ஜாடிகளைப் பார்த்தேன், வீட்டோடு கிடைத்தவை. ஜெர்மானியர் திரும்பி வந்துவிடுவார்கள் என்று பல ஆண்டுகள் மூட்டைகளை முழுவதும் பிரிக்காமலேயே வைத்திருந்தாராம். மேற்கு ஜெர்மனி அந்த எல்லையை ஒப்புக்கொண்டு வார்சாவில் கையெழுத்திட்டது 1970 டிசம்பரில்.

மீண்டும் வார்சா சென்றபோது, பழைய நகரத்திலிருந்து நடக்கும் தொலைவிலுள்ள முரானூஃப் பகுதிக்குப் போனேன். 1940 நவம்பரில் சுவரெழுப்பி மூடிய யூதச் சேரியின் பெரும்பகுதி இங்கிருந்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் அடைபட்டிருந்தனர். 1943 ஏப்ரலில் அவர்கள் கிளர்ந்தெழுந்தபின் அது தரைமட்டமாக்கப்பட்டது. இந்தத் தெருக்களை எவரும் படத்தைப் பார்த்துத் திருப்பிக் கட்டவில்லை. திரும்பிவந்து குடியிருக்க வேண்டியவர்கள் ட்ரெப்லிங்காவில் கொல்லப்பட்டிருந்தார்கள்.

போதான் லாஹெர்ட் என்ற கட்டடக் கலைஞர் இங்கே குடியிருப்புகளை வடிவமைத்தார். அகற்ற முடியாத அளவுக்கு இடிபாடு குவிந்திருந்ததால், அதையே மேடாக்கி அதன்மேல் கட்டினார். இடிபாட்டை அரைத்துச் சிமெண்டில் கலந்து கட்டுகற்களும் செய்தார். அந்தச் செம்மை வெளியே தெரிய, சுவர்கள் பூச்சின்றி நினைவுச் சின்னமாக நிற்க வேண்டும் என்பது அவர் எண்ணம். இருண்டு கிடக்கிறது என்று குடியிருப்பவர்கள் குறைப்பட, சில ஆண்டுகளில் மேலே பூசி வண்ணமடித்துவிட்டார்கள்.

இன்று அது சாதாரணமான, மரங்கள் அடர்ந்த குடியிருப்பு. தரைத்தளத்துக்குப் போகக்கூடப் பல வீடுகளில் தெருவிலிருந்து படியேற வேண்டும். நான் போனது ஞாயிறு மதியம். ஒரு கிழவர் காய்கறிப் பையைக் கைமாற்றிக்கொண்டு, கைப்பிடியைப் பற்றி, ஒவ்வொரு படியாக அந்த மேட்டின்மேல் ஏறிக்கொண்டிருந்தார்.